ஹைசன்பர்க்குக்கு ஒரு சாக்கு: ‘கோபன்ஹேகன்’ நாடகத்தை மறுபடி படித்தபோது

சில வருடங்களுக்கு முன் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். ‘குவாண்டம் இயற்பியல் சொல்வதுபோல, பார்ப்பவரின் பார்வையே பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறது’ என்று அதில் ஒரு வரி. நண்பர்கள் அந்த வரியைத்தான் அதிகம் பகிர்ந்தார்கள். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. மைக்கேல் ஃப்ரெய்னின் ‘கோபன்ஹேகன்’ நாடகத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அது எவ்வளவு சௌகரியமான வரி என்று உறைத்தது.

1998இல் லண்டனில் முதலில் மேடையேறிய நாடகம். மூன்றே பாத்திரங்கள்: நீல்ஸ் போர், அவர் மனைவி மார்கரெத், வெர்னர் ஹைசன்பர்க். மூவரும் இறந்துபோனவர்கள். 1941 செப்டம்பரில், ஜெர்மனியின் பிடியில் இருந்த டென்மார்க்குக்கு ஹைசன்பர்க் வந்து தன் பழைய ஆசானைச் சந்தித்தார். அவர் ஜெர்மனியின் அணு ஆய்வில் முக்கியமான ஆள். ஆசானோ யூதத் தாய்க்குப் பிறந்தவர். ஏன் வந்தார்? என்ன பேசினார்? ஆவிகள் அந்தச் சந்திப்பைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்க்கின்றன. ஒவ்வொரு முறையும் வேறொரு ஹைசன்பர்க் கிடைக்கிறார்.

முதல் வாசிப்பில் சொக்கிப்போனேன். கேள்வி கேட்கும்வரை அவர் நோக்கம் பல நிலைகளின் மேற்பொருந்தல். கேட்டதும் அலைச்சார்பு ஒரே விடையாகச் சரிகிறது. அட, என்ன அழகு! வழுக்கியதும் இங்கேதான்.

1927இல் நிச்சயமின்மைக் கொள்கையை விளக்க ஹைசன்பர்க் ஒரு கற்பனை நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டார். எலெக்ட்ரானைப் பார்க்க ஒளி வேண்டும். காமா கதிரின் ஃபோட்டான் மோதினால் எலெக்ட்ரான் எகிறும். பார்த்தால் கலைந்துவிடும், அவ்வளவுதான். நாம் இன்றும் தூக்கித் திரிவது இந்தக் கதையைத்தான். ஆனால் நீல்ஸ் போர் அன்றே இதை ஒத்துக்கொள்ளவில்லை. மோதல் மட்டும்தான் பிரச்சினை என்றால் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாமே! சிதறிய ஃபோட்டான் லென்சுக்குள் எந்தக் கோணத்தில் நுழைந்தது என்று சொல்ல முடியாததுதான் சிக்கல் என்றார். அச்சுக்குப் போன கட்டுரையில் ஹைசன்பர்க் ஒரு பின்குறிப்பு சேர்க்க வேண்டியதாயிற்று. துல்லியமாக இருந்த ஒன்றை நாம் பார்த்துக் கெடுக்கவில்லை. அந்தத் துல்லியமே அங்கே இல்லை.

சரி, அந்தப் ‘பார்ப்பவர்’ யார்? 2004இல் வெளியான ஒரு வியன்னா சோதனை எனக்கு இதைத் தெளிவாக்கியது. 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளை வெற்றிடத்தில், நுண்ணிய கீற்றுகள் கொண்ட தட்டிகள் வழியே அனுப்பினார்கள். அவை அலைபோல நடந்துகொண்டு குறுக்கீட்டுக் கோலம் போட்டன. பிறகு லேசரால் அவற்றைச் சூடாக்கினார்கள். சூடு ஏற ஏறக் கோலம் மங்கி மறைந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சூடான மூலக்கூறு தானாகவே ஒளியை உமிழ்ந்தது. அது எந்த வழியில் போனது என்ற துப்பு அந்த ஒளியோடு வெளியே போய்விட்டது. அதைப் பிடித்துப் படிக்க ஆள் இருந்தாரா என்பது பொருட்டே இல்லை. கடைசியில் பல விடைகளில் ஏன் ஒன்று மட்டும் நமக்குக் கிடைக்கிறது என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்னும் தகராறுதான். ஆனால் கோலம் கலைய மனிதக் கண் தேவைப்படவில்லை. வெளியே தடம் பதிந்தது, அது போதும்.

இதோடு நாடகத்துக்குத் திரும்பினால் என் பழைய வாசிப்பு நிற்கவில்லை. ‘அவர் நோக்கம் அவருக்கே தெரியாது’ என்பது ஹைசன்பர்க்குக்கு நல்ல சாக்கு. நாஜி அரசுக்கு வேலை செய்தவரின் பொறுப்பைப் புகைக்குள் ஒளித்துவிட்டார் என்று ஃப்ரெய்ன் மேல் குற்றச்சாட்டும் எழுந்தது. 2002இல், நீல்ஸ் போர் எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடித வரைவுகள் வெளியாயின. ஹைசன்பர்க் தலைமையில் ஜெர்மனி அணு ஆயுதத்துக்காக எல்லாம் செய்துகொண்டிருக்கிறது என்ற எண்ணமே அந்தப் பேச்சில் தனக்கு ஏற்பட்டதாக அவற்றில் இருக்கிறது. வந்தவர் மனதில் என்ன இருந்ததோ, கேட்டவருக்குள் தடம் அன்றே பதிந்துவிட்டது. நாம் அறுபது வருடம் கழித்துப் படித்ததால் அது பதியவில்லை.

இதை நாடகத்திலேயே சொல்ல ஆள் இருக்கிறாள் என்பதைத்தான் முதல் முறை கவனிக்கத் தவறினேன். இரண்டு விஞ்ஞானிகளும் தத்துவத்தில் மிதக்கும்போதெல்லாம் மார்கரெத் அவர்களைத் தரைக்கு இழுக்கிறாள். யார் வந்தது, எந்தச் சூழ்நிலையில் வந்தது, அது இந்த வீட்டுக்கு என்ன செய்தது என்று கேட்கிறாள். நான் அவளைக் கசப்பேறிய மனைவி என்று ஒதுக்கியிருந்தேன்.

நாடகம் இப்போது முன்பைவிட அதிகம் பிடித்திருக்கிறது. மதிப்புரையில் இருந்த அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.