ஊர் பேரில் ஓர் அணி

2022 நவம்பர் 21 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஒரு கொடுமை நடந்தது. விஜய் ஹசாரே கோப்பையின் லீக் ஆட்டம். தமிழ்நாட்டுக்கு எதிரே அருணாசலப் பிரதேசம். தொடக்க ஜோடி ஜெகதீசனும் சாய் சுதர்சனும் 416 ரன் எடுத்த பிறகுதான் பிரிந்தது. சாய் சுதர்சன் 154. கோயம்புத்தூர்க்காரரான ஜெகதீசன் 141 பந்தில் 277, அதில் சிக்சர் மட்டும் 15. ஐம்பது ஓவர் முடிந்தபோது பலகையில் இரண்டு விக்கெட்டுக்கு 506. ஒருநாள் ஆட்டத்தில் எந்த அணியும் அதுவரை ஐந்நூறைத் தொட்டதில்லை. பதிலுக்கு ஆடிய அருணாசலம் 71 ரன்னில் சுருண்டது. வித்தியாசம் 435 ரன்.

இப்படியும் ஓர் ஆட்டம் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. அன்றைக்கு நானும் கேட்டேன். பந்து வீசிய பையன்களின் முகத்தை நினைத்தால் பாவமாக இருந்தது. பிறகு இலங்கையின் உள்ளூர் கிரிக்கெட்டைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கியதும் என் எண்ணம் மாறிவிட்டது. அருணாசலம் தோற்றது அருணாசலமாகவே தோற்றது. 2018-19இல் வடகிழக்கு மாநிலங்கள், உத்தராகண்ட், புதுச்சேரி என்று புதிய அணிகள் உள்ளே வந்து, பிகாரும் திரும்பியபோது மொத்த எண்ணிக்கை 37 ஆனது. எவ்வளவு அடி வாங்கினாலும் அடுத்த வருஷம் அதே பெயரில், அதே சங்கத்தின் அணியாக அவர்கள் திரும்பி வருவார்கள். அந்த அணியைக் கலைக்க யாராலும் முடியாது. 

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. அங்கே ஊர் பேரில் அணி உண்டு; அந்த அணிக்கு ஊர்தான் இல்லை.

இலங்கையில் உள்ளூர் கிரிக்கெட்டின் முதுகெலும்பு மாகாணம் அல்ல, கழகம். அதுவும் பெரும்பாலும் கொழும்புக் கழகம். சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப், தமிழ் யூனியன், மூர்ஸ், பர்கர் ரிக்ரியேஷன் கிளப் என்று பெயர்களை வரிசையாகப் படித்தால் வெள்ளைக்காரன் எடுத்த குடிமதிப்புக் கணக்கு போல இருக்கும். யாரோடும் சேராதவர்கள் தங்களுக்கு ‘நொண்டிஸ்கிரிப்ட்ஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். இன்று எந்தக் கழகத்திலும் யாரும் ஆடலாம். ஆனால் கட்டமைப்பு அப்படியே நிற்கிறது. கண்டியில் பிறந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முரளிதரன், கொழும்பு தமிழ் யூனியனுக்குத்தான் ஆடினார். 1899இல் தொடங்கிய கழகம் அது. அதன் பி. சரவணமுத்து மைதானத்தில்தான் 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது.

கழகங்களைத் தாண்டி மாகாண அணிகளை உருவாக்க அங்கே முயற்சி நடக்காமல் இல்லை. 1990இல் தொடங்கி எத்தனையோ தடவை. வைப்பார்கள், எடுப்பார்கள். ஒரு கட்டத்தில் கந்துரட்ட, ருஹுண, வயம்ப, பஸ்நாஹிர வடக்கு, பஸ்நாஹிர தெற்கு என்று ஐந்து அணிகள். பஸ்நாஹிர என்றால் மேற்கு. அதாவது கொழும்பு இருக்கும் மாகாணத்துக்கு மட்டும் இரண்டு அணி. வயம்ப, அதாவது வடமேல் மாகாணம், 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் வரை போய் நம் சென்னை சூப்பர் கிங்ஸோடு மோதியது. அந்த வயம்பவுக்கு ஆடிய மஹேல ஜயவர்தன கொழும்பு நாலந்தாவில் படித்தவர், சிங்களீஸ் கிளப்காரர். குருநாகலில் ஒரு பையன் அந்த ஆட்டத்தைப் பார்த்து ‘நம்ம அணி’ என்று நினைத்திருந்தால், அவனுக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

2012இல் ஒரே ஒரு பருவம் நடந்து நின்றுபோன ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் வடக்குக்கும் கிழக்குக்கும்கூட அணி கிடைத்தது. ‘உதுர ருத்ராஸ்’, ‘நெகெனஹிர நாகாஸ்’. தமிழ் பேசும் மண்ணுக்கான அணிகள். திசையின் பெயர் சிங்களத்தில். இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது. யாழ்ப்பாணத்துத் தெருவில் எந்தச் சிறுவன் ‘உதுர, உதுர’ என்று கத்தியிருப்பான்?

பிறகு மாகாணங்கள் போய் நகரங்கள் வந்தன. 2017இலிருந்து கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள என்று நான்கு அணிகளின் ஒருநாள் போட்டி. 2022இல் தேசிய சூப்பர் லீக் என்ற பெயரில் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து ஐந்தாக்கினார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு அரவிந்த டி சில்வா தலைமையில் ரொஷான் மஹாநாம, முரளிதரன், சங்ககார எல்லாரும் இருந்த ஆலோசனைக் குழு அமைந்தது. அந்தச் சமயத்தில் மேல்மட்டக் கழகப் போட்டியில் 26 கழகங்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டில் 26 அணி என்றால், நூற்று எழுபத்தைந்து ரன் அடித்தவனின் தரத்தை எப்படி எடைபோடுவது? நல்ல ஆட்டக்காரர்களை ஐந்து அணிக்குள் அடக்கினால் ஆட்டம் கூர்மையாகும் என்ற கணக்கு சரியானதுதான். கழகங்களில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி, வாரியமே ஐந்தாகப் பங்கு வைத்தது. சமபலம் வேண்டும் என்பதற்காகப் பங்கு வைக்கும்போது காலிக்காரர் கண்டிக்கும் கொழும்புக்காரர் யாழ்ப்பாணத்துக்கும் போவது தவிர்க்க முடியாது. அங்கே 435 ரன் வித்தியாசத்தில் ஓர் ஆட்டம் முடியாது. அருணாசலம் மாதிரி தோற்க ஒரு சொந்த அணியும் கிடையாது.

இவ்வளவு சொல்லிவிட்டு நம் ஊர்ப் பெருமை பேசினால் அது நேர்மையாக இராது. தமிழ்நாடு அணியும் ஒருவகையில் கழகங்களின் தோளில்தான் நிற்கிறது. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் நேராகத் தமிழ்நாடு சட்டைக்குள் வந்துவிடவில்லை. சென்னைக்கு வந்து, டிவிஷன் லீக்கில் கீழ்ப்படியில் தொடங்கி, கம்பெனிகள் நடத்தும் முதல் டிவிஷன் அணி வரை ஏறி, அதன் பிறகுதான் ரஞ்சி. ஜாலி ரோவர்ஸும் விஜய் கிரிக்கெட் கிளப்பும் இங்கே செய்யும் வேலையைத்தான் தமிழ் யூனியனும் கோல்ட்ஸும் அங்கே செய்கின்றன. மதுரைப் பையனும் யாழ்ப்பாணத்துப் பையனும் ஒரே மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டியவர்கள்தான்.

வேறுபாடு அதற்கு மேலே இருக்கும் ஒரு படியில். சென்னையில் கழகத்துக்கு மேலே மாநிலச் சங்கம் இருக்கிறது. அதற்கு மாவட்டச் சங்கங்கள், வயதுவாரி அணிகள், தேர்வாளர்கள், பிறப்புச் சான்றிதழோடு வரிசையில் நிற்கும் அப்பாக்கள். வேறு மாநிலத்துக்கு ஆடப் போகிறவர் இங்கே தடையில்லாச் சான்று வாங்கித்தான் போக வேண்டும். வெளியாட்களை ஓர் அணி எத்தனை பேர் சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. தேர்வில் பெயர் வராவிட்டால் ‘எல்லாம் மெட்ராஸ் ஆளுங்களுக்குத்தான்’ என்று திருநெல்வேலியில் ஒருவர் டீக்கடையில் திட்டலாம். திட்டுவது நியாயமா இல்லையா என்பது வேறு. திட்ட ஒரு முகவரி இருக்கிறது. யாழ்ப்பாணம் அணியில் தன் மகன் பெயர் இல்லை என்று ஒரு தகப்பன் யாரைப் போய்க் கேட்பார்? போட்டி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அவரவர் கழகத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

கழகங்கள் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கும் காரணம் மர்மமானதல்ல. இலங்கை வாரியத் தேர்தலில் கழகங்களுக்கு ஓட்டு இருக்கிறது. ஓட்டுள்ளவனைத் தேர்தலில் நிற்பவர் பகைத்துக்கொள்வாரா? இந்தியாவில் ஓட்டு மாநிலச் சங்கங்களிடம். அதனால்தான் குஜராத்தில் பரோடாவும் சௌராஷ்டிரமும் தனித்தனி அணிகளாக இன்னும் வாழ்கின்றன. மகாராஷ்டிரத்தில் மும்பையும் விதர்பாவும் அப்படியே. சமஸ்தானக் காலத்துப் பழைய எல்லைகளை ஓட்டு காப்பாற்றுகிறது, அங்கே கழகங்களைக் காப்பாற்றுவதுபோல.

இந்தியாவும் பெயர்ப்பலகை அணிகளை முயன்று பார்க்காமல் இல்லை. 1973-74இல் தொடங்கிய தியோதர் கோப்பை மண்டலங்களுக்கு இடையிலானது. முதல் கோப்பை தென் மண்டலத்துக்கு. ஆனால் ‘நான் தென் மண்டலத்துக்காரன்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2015-16இலிருந்து சில ஆண்டுகள் மண்டலங்களைத் தூக்கிவிட்டு இந்தியா ஏ, இந்தியா பி என்று ஆட வைத்தார்கள். யாரும் மறியல் செய்யவில்லை. 2023இல் புதுச்சேரியில் மண்டலங்களோடு திரும்ப நடந்தது. தென் மண்டலமே வென்றது. ஜெயித்த செய்தி என் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 

டிஎன்பிஎல் என்ற தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் கதையும் அதேதான். திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆட திண்டுக்கல்லில் பிறந்திருக்க வேண்டியதில்லை. காரைக்குடி காளை சில வருஷத்தில் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது; காளை எப்படித் தமிழனானது என்று காரைக்குடியில் யாரும் கேட்கவில்லை. லங்கா பிரீமியர் லீக்கின் தம்புள்ள அணியோ வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, சிக்சர்ஸ் என்று சட்டை மாற்றுவதுபோலப் பெயர் மாற்றியது.

ஆனாலும் பெயர்ப்பலகை சில சமயம் உண்மையாகிவிடும். 2020 டிசம்பர் 4. கொரோனாக் காலம்; லங்கா பிரீமியர் லீக் முழுவதும் ஆளில்லாத ஹம்பாந்தோட்டையில். யாழ்ப்பாணத்திலிருந்து தீவின் மறுகோடி அது. ஜாஃப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் அன்று யாழ் மத்திய கல்லூரிப் பையன் விஜயகாந்த் வியாஸ்காந்த் இறங்கினார். 19 வயது நிரம்ப இன்னும் ஒரு நாள். அவரது லெக் ஸ்பின்னில் விழுந்த முதல் விக்கெட் ஏஞ்சலோ மேத்யூஸ். யாழ்ப்பாணம் என்ற பெயரில் ஆடும் அணியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஆடியதே அங்கே தலைப்புச் செய்தி. தமிழ்நாடு அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஆடினார் என்று இங்கே எந்தப் பத்திரிகையாவது போடுமா? அந்த ஒரு செய்தியிலேயே இரு நாட்டு வித்தியாசமும் இருக்கிறது. திசர பெரேரா தலைமையில் ஜாஃப்னா அணியே அவ்வருஷக் கோப்பையையும் தூக்கியது.

ஊர்ப்பற்று அங்கே இல்லாமல் இல்லை, அது பள்ளிக்கூடத்தில் குடியிருக்கிறது. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் 1904இலிருந்து நடக்கும் ‘வடக்கின் பெரும்போர்’ மார்ச் மாதம் வந்தால் லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் இறங்குகிறார்கள். அந்த ஊர்ப் பேச்சில் பேட்டிங் துடுப்பாட்டம், ஃபீல்டிங் களத்தடுப்பு, டாஸ் நாணயச் சுழற்சி. நாம் ரன் என்பதை அவர்கள் ஓட்டம் என்பார்கள். கிரிக்கெட்டை அவ்வளவு தூரம் தங்கள் மொழிக்குள் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு நிலையான அணி வாய்க்கவில்லை. விஜய் ஹசாரே ஆட்டங்களுக்கோ நம் பக்கம் கூட்டமே இல்லை. சேப்பாக்கத்தில் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் நாலைந்து பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப்பற்று மஞ்சள் சட்டைக்குப் போய்விட்டது. அணி இருக்கிறது, ஆள் இல்லை.

ஒரு காலத்தில் இந்த இரண்டு பக்கமும் சேர்ந்தே ஆடின. 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராகத் தமிழ் யூனியனின் சதாசிவம் அடித்த 215ஐப் பார்த்தவர்கள் ஆயுள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுகளில் தொடங்கிய கோபாலன் கோப்பைக்காக மெட்ராஸும் இலங்கையும் ஆண்டுதோறும் மோதின. ஒரு மாநிலமும் ஒரு நாடும் சமமாக நின்ற போட்டி அது.

2025 செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். அங்கே புல் முளைத்து ஆடுகளம் இறுகுவதற்கு முன் வடக்குக்கு ஒரு மாகாணச் சங்கமும், அதற்குப் பதினாலு, பதினாறு, பத்தொன்பது வயது அணிகளும் கிடைக்க வேண்டும். அடுத்த தடவை ‘யாழ்ப்பாணம்’ அணியின் பட்டியல் வெளிவரும்போது, பெயர்களுக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று தேடிப் பாருங்கள்.