களிம்பின் அழகு

985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜ சோழனின் செப்புக்காசு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரியில் 'ஸ்ரீராஜராஜ'. மேட்டுக் கோடுகளில் பழுப்பு, பள்ளங்களில் கரும்பச்சை. அந்த மெல்லிய களிம்புதான் எழுத்தை எடுத்துக்காட்டுகிறது. உள்ளிருக்கும் செம்பையும் காக்கிறது.

இதைப் போய்க் குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கிறார்களே! புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். காசு வெளிறிச் சிவக்கும், கோடுகள் மழுங்கும். சேகரிப்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்; விலையும் விழும்.

மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, பஞ்சால் ஒற்றியெடுத்தால் போதும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் மட்டும் வேறு விஷயம். அது செம்பை அரித்துக்கொண்டே போகும். அந்தக் காசைத் தனியே எடுத்துவைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மற்றவற்றைத் தேய்க்காதீர்கள்.