ஹீத்தின் இரும்பும் மேனாய் பாலமும்: எதைப் பாதுகாப்பது?

பரங்கிப்பேட்டை இரும்பாலையைப் பற்றி இணையத்தில் தேடினால், பல கட்டுரைகள் ஒரே வரியில்தான் வந்து நிற்கும்: வேல்ஸில் உள்ள மேனாய் பாலமும் பிரிட்டானியா பாலமும் நம்ம இரும்பில் கட்டினவை. அதனால ஆலை இருந்த இடத்தைப் பாதுகாக்கணும்.

தேதியைக் கொஞ்சம் பார்ப்போம். டெல்ஃபோர்டு கட்டிய மேனாய் தொங்குபாலம் 1826 ஜனவரியிலேயே திறந்தாச்சு. ஜோசையா மார்ஷல் ஹீத், கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தது 1830 வாக்கில். பிறகு எப்படி? 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்குக் காலம் இடிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.

இது வெறும் தேதிச் சண்டை இல்லை. பாலத்தை வைத்துப் பெருமை பேசும்போது, நிலம் கதையிலிருந்து காணாமப் போயிடுது. பரங்கிப்பேட்டையில் இரும்புத் தாது கிடையாது. அது சேலம் பக்கத்து மலைகளிலிருந்து வந்தது. உலைக்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. பிறகு சேலம் மாவட்டத்திலும் திருவண்ணாமலையிலும் கேரளத்துப் பேப்பூரிலும் உலைகள் வந்தன. அதற்கெல்லாம் முன்பே ஊர் ஊராக நாட்டு உலைகள் இருந்தன. ஆக, பாதுகாக்க வேண்டியது கடலோரத்து ஒரு மனை மட்டுமல்ல. தாது எடுத்த மலை, உலை இருந்த மேடு, இரும்பு உருக்கிய கிட்டம் கிடக்கும் காடு எல்லாமேதான்.

எங்க செஞ்சிப் பக்கத்தையே எடுத்துக்குங்க. தொண்டூர்ப் பாறையில் தமிழி எழுத்தும் சமணர் படுக்கையும் இருப்பதால் ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிவிட்டது. கிட்டத்தில் எழுத்தும் இல்லை, மதிலும் இல்லை. பார்க்கிறவருக்கு அது கறுப்புக் கல். ஒரு பொக்லைன் வந்தால் அரை நாளில் சமதளம்.

சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கு. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு ஆண்டு பழைய எச்சங்கள் உள்ள நிலத்தையும், அதைக் காக்கத் தேவையான பக்கத்து நிலத்தையும் சேர்த்தே தொல்லியல் தலம் என்கிறது. கோட்டைதான் வேணும்னு அது கேட்கவில்லை.

அவசரத்துக்குக் காரணமும் உண்டு. திருவண்ணாமலையின் கவுத்தி, வேடியப்பன் மலைகளில் இரும்புத் தாது வெட்ட டிட்கோவும் ஜிண்டாலும் சேர்ந்து திட்டம் போட்டதும், சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றதும் நம்ம காலத்தில்தான். அவர்கள் காடு, தண்ணீர், மேய்ச்சலைப் பற்றிப் பேசினார்கள். மேனாய் பாலத்தைவிட வலுவான வாதம் அது. வரலாறு எழுதுகிற நாமும் அங்கிருந்து தொடங்கலாம்: முதல் வேலையாக, கிட்டம் கிடக்கும் சர்வே எண்களைக் குறித்து வைப்போம்.