காலத்திற்குக் கோடு கிழிப்பவர் யார்?

வானவில்லில் ஆரஞ்சு எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது? ஏறத்தாழ 620 நானோமீட்டர் என்று ஒரு நூல் சொல்லும்; இன்னொரு நூல் சற்று மாற்றிச் சொல்லும். இரண்டும் தவறல்ல. அலைநீளம் இயற்கையில் உள்ளது; அதை அளக்கலாம். நிறங்களுக்கு இடையே உள்ள கோடோ நாம் கிழித்தது. நாடக வரலாற்றைக் கணிப்பொறியில் தொகுப்பவர்களும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2012-இல் தொடங்கிய விக்கித்தரவு போன்றவை பலர் கூடி உருவாக்கும் தொகுப்புகள். தமிழ் நாடகத்தை இவ்வாறு தொகுக்க முனைவோர் முதலில் நாடுவது பழகிப்போன ஒரு வரிசையை: கூத்துக் காலம், புராண நாடகக் காலம், சமூக நாடகக் காலம், நவீன நாடகக் காலம். ஒன்று முடிந்த பிறகே மற்றது தொடங்கியது போல் இது தோற்றமளிக்கிறது. உண்மை அப்படியா?

1891-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அவ்வாண்டில்தான் அச்சேறியது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். முன்னது படிப்பதற்கென்றே எழுந்த நாடகம். பின்னது படித்தவர்கள் தாமே மேடையேறிய சபை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வாழ்ந்ததும் அந்நாளில்தான். அவருடைய பாட்டு நிறைந்த நாடகங்களைத் தொழில்முறைக் குழுக்கள் ஊர் ஊராக நடத்தின. தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்தும் விடிய விடிய நடந்தது. இந்த நான்கையும் எந்தப் பெட்டியில் அடைப்பது?

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அங்கே கோடு கிழித்து நாடகத்தின் கதையை முடிப்பவர்களும் உண்டு. ஆனால், எம். ஆர். ராதாவின் 'ரத்தக் கண்ணீர்' மேடையில் புகழ் பெற்ற பிறகே 1954-இல் திரைக்கு வந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமிக்கு ஊக்கம் தந்தது புரிசைத் தெருக்கூத்து. அதாவது, 'நவீன' பெட்டிக்கு வேண்டிய சரக்கு 'பழைய' பெட்டியிலிருந்தே வந்தது!

என் மாணவர் ஒருவரின் பாட்டனார் ராயபுரத்தில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒரே மாதத்தில் சொந்த ஊரில் கூத்து, பட்டணத்தில் நாடகம், டூரிங் கொட்டகையில் சினிமா மூன்றையும் பார்த்ததாகச் சொல்வார். அவர் வாழ்ந்தது எந்தக் காலம்? கூத்துக் காலத்திற்கு ஒரு முடிவு ஆண்டைப் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு ஆடிய கலைஞருக்குத் தொகுப்பில் இடமே இராது. நூலில் உள்ள பிழை அந்த நூலோடு நிற்கும். கணிப்பொறித் தொகுப்பில் புகுந்த பிழையோ எடுத்தாளப்படும் இடமெல்லாம் பரவும்.

காலப் பெயர்களே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அவை இல்லாவிட்டால் மாணவர் திசை தெரியாமல் திண்டாடுவர். முறைதான் மாற வேண்டும். முதலில் நிகழ்ச்சியைப் பதிய வேண்டும்: எந்த நாடகம், எந்தக் குழு, எந்த ஊர், எந்த நாள். ஆஸ்திரேலியாவின் 'ஆஸ்ஸ்டேஜ்' தொகுப்பு இவ்வாறே நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டது. அடுத்து, சோதனைச்சாலையில் அளவோடு பிழை வரம்பையும் எழுதுவது போல, தேதி எவ்வளவு உறுதியானது என்பதையும் குறிக்க வேண்டும். ஆண்டா, பத்தாண்டா, நூற்றாண்டா என்று குறிக்க விக்கித்தரவில் வசதி உண்டு. இறுதியாக, காலப் பெயரை ஓர் அறிஞரின் கூற்றாகவே பதிய வேண்டும். 'பீரியடோ' என்னும் தொகுப்பு, ஒரு காலப் பெயரை யார், எந்த நூலில், எந்த நிலப்பகுதிக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்தே வைக்கிறது. இரண்டு கூற்றுகள் முரண்பட்டால் இரண்டும் இருக்கட்டும்.

மாணவ நண்பர்களே! காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கூத்தும் நாடகமும் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கே, எப்போது, யார் ஆடினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். கோட்டைப் பிறகு கிழித்துக்கொள்ளலாம். அவர்களுடைய நினைவுகள் அதுவரை காத்திருக்குமா?