பெரும்பொழுதைவிடப் பெரிய பொழுது

எங்கள் ஊரில் கல் மிதந்திருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், அந்தக் கல்லையே தெப்பமாக்கித் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது பாட்டி சொன்ன கதை. இதே ஊரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் எழுதியது இன்னொரு கல்லின் கதை. ‘சாப விமோசனம்’ அகலிகை கல்லிலிருந்து பெண்ணாகிறாள். சீதை தீக்குளித்ததைக் கேட்டபின் மறுபடி கல்லாகிறாள்.

இரண்டையும் சேர்த்து யோசித்தபோது ஒன்று உறுத்தியது. இரண்டிலும் கல்லுக்கென்று எதுவும் நடப்பதில்லை. முதல் கதையில் அது பக்தியின் சாட்சி. இரண்டாவதில், உணர்ச்சி நின்றுபோகும் இடம். சாபமாக இருந்த கல்லை ஒரு பெண்ணின் அடைக்கலமாக மாற்றியது புதுமைப்பித்தனின் பெரிய பாய்ச்சல்தான். ஆனால் அவரிடமும் கல் என்றால் காலம் உறைந்துவிட்டது என்றே பொருள்.

இதை அவருடைய குறையாக மட்டும் பார்க்க முடியவில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த மரபு நம்முடையது. ஆனால் அந்தப் பொழுதில் ஆகப் பெரியதான பெரும்பொழுது ஒரு பருவம்தான்; ஆண்டு முடிந்தால் திரும்பி வந்துவிடும். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் உண்டு. கல் இல்லை. “அதான் நடுகல் இருக்கேடா?” என்றான் நண்பன். இருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு வீரன் செத்த பிறகுதான் கல்லுக்கு மதிப்பு வருகிறது.

சரி, எங்கள் ஊர்க் கல்லுக்கு என்னதான் நடந்தது?

பக்கத்தில் கேப்பர் மலை இருக்கிறது. பெயர்தான் மலை, பார்த்தால் செம்மண் மேடு. இந்தப் பாறைக்கு நிலவியலாளர்கள் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கடலூர் மணற்கல். பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், இரும்புச்சத்தால் சிவந்தது. இதே மணற்கல்தான் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரங்களாகத் தலைகாட்டுகிறது. 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பார்த்துப் பதிவு செய்தார். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். கிளையும் வேரும் இல்லாமல் அடிமரங்களாகக் கிடப்பதால், வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. தொட்டால் கல், பார்த்தால் நார் ஓட்டம் தெரிகிறது. அகலிகை ஒரு கணத்தில் கல்லானாள். இந்த மரங்களுக்கு அது ஒரு நீண்ட வேலை.

எங்கள் வீட்டு அஸ்திவாரத்தை நிரப்பியதும் இந்த மேட்டுக் கிராவல்தான். லாரி கொட்டிய குவியலில் ஏறிக் குதித்திருக்கிறேன். “நல்ல மண்ணு, கெட்டியா நிக்கும்” என்றார் அப்பா. அந்தக் குவியல் எத்தனை லட்சம் வருஷம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கான சொல்லும் எங்களிடம் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடப்பதும் இதே மணற்கல்லுக்கு அடியில்தான். அதை எடுக்க மேலே இருக்கும் அடுக்குகளை அகற்ற வேண்டும், அழுத்தத்தோடு பொங்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மின்சாரத்தில் படித்து வளர்ந்தவன் நான். அதனால் யாருக்கும் உபதேசம் செய்யப்போவதில்லை.

ஆனால் மென்பொருள்காரனுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு: பேக்கப் இல்லாத சர்வர். வெட்டிய காட்டை, முழுதாக இல்லாவிட்டாலும், மறுபடி வளர்த்துப் பார்க்கலாம். வெட்டிய அடுக்கை வளர்க்க முடியாது. யுனெஸ்கோ 2021இல் அக்டோபர் 6ஐப் புவிப்பன்மை நாளாக அறிவித்தது. உயிர்ப்பன்மை என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது, இது இன்னும் பழகவில்லை. பண்ருட்டிப் பலாவைக் கருப்பொருள் என்று உடனே சொல்லிவிடுவோம். அது வேர்விட்ட செம்மண்ணும், அதற்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் மணற்கல்லும் நம் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியலில் இல்லாததை லாரியில் ஏற்றும்போது யாருக்கும் வலிக்காது.

கதைக்குள் நிலவியல் பாடம் நடத்தச் சொல்லவில்லை. பெரும்பொழுதைவிடப் பெரிய ஒரு பொழுது நம் எழுத்துக்கு வேண்டும் என்கிறேன். திருவக்கரை போய்வந்த பிறகு ‘சாப விமோசன’த்தை மறுபடி வாசித்தேன். அகலிகை கல்லாகும் அந்தக் கடைசி இடத்தில் முன்பெல்லாம் புத்தகத்தை மூடிவிடுவேன். இந்தத் தடவை, அதற்கப்புறம் அந்தக் கல்லுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.