பாடலும் பாடுவோரும்

மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்குவது நற்பணி என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், பாடல் ஏட்டில் நிலைபெற்றிருக்க, பாடுவோர் கால் ஊன்ற நிலமின்றி நிற்பார்களாயின், அத்தொகுப்பை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) நூலை மீண்டும் வாசிக்கையில் நம்முன் எழும் கேள்வி இதுவே.

சி. வி. வெளியிலிருந்து வந்து குறிப்பெடுத்துச் சென்ற ஆய்வாளர் அல்லர். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கிற்று. ஆகவே, அவர் திரட்டிய பாடல்கள் வெறும் ரசனைப் பொருள்கள் அல்ல. உரிமை பறிக்கப்பட்டோர் தம்மிடம் காத்து வைத்திருந்த சரித்திரச் சாட்சியங்கள். எழுத்தறியா உழைப்பாளி கங்காணியையும் துரையையும் விசாரித்தது பாட்டிலேதான். இதனை உணராது, எதுகை நயத்தையும் கிராமிய மணத்தையும் மட்டும் வியந்து நின்றுவிடும் விமர்சனம் குறைபாடுடையது. அக்குறை நம்மிடமும் உண்டு.

டிக்கோயாவைச் சூழ்ந்த தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக் களத்திற்கு அழைத்த அதே தப்புதான் மாசியில் காமன் கூத்துக்கும் ஒலித்தது. பிறை கண்டு காமனை ஊன்றி, பௌர்ணமியில் எரித்து, ரதியின் புலம்பலுக்கிரங்கி மீண்டும் உயிர்ப்பிக்கும் அக்கூத்துக்கு அரங்கம் லயத்து வாசலே. தொழிலும் கலையும் வாழ்விடமும் அங்கே பிரிக்கவொண்ணாதவை. அவ்வாசலே சரிந்து போனால் கலையை எங்கே காப்பது?

இது கற்பனை அச்சமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு மாவட்டங்களைச் சீர்குலைத்தது. மழையை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. தேயிலையின் வசதிக்காகச் சரிவுகளில் எழுப்பப்பட்டவை லயங்கள். வாழ்பவனுக்கு அங்கே காணியுரிமை இல்லை. ‘அபாயம், வெளியேறு’ என்றால் அவன் எங்கே போவான்? 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலையை நீக்கிற்று. நிலமற்ற நிலை நீங்கவில்லை. அரிசியும் போர்வையும் அன்றைய துயரைத் தணிக்கும். அடுத்த மாரிக்கு அவை விடையாகா.

கல்விக்கும் இதில் பங்குண்டு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் இளம் ஆசிரியர்கள் தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு வருகிறார்கள். தம் பாட்டியின் பாடல்களை மாணவர் தாமே எழுதிக்கொண்டு வந்து, அவற்றில் கூலி எவ்வளவு, கடன் யாரிடம், வந்த வழி எது என்று வகுப்பில் ஆராய்வார்களாயின், தமிழ்ப் பாடம் சரித்திரப் பாடமுமாகும். தன் மூதாதையர் 200 ஆண்டுகளாக இம்மண்ணில் உழைத்ததை அறிந்த பிள்ளை, வீட்டையும் காணியையும் இரந்து கேட்கமாட்டான், உரிமையாகக் கேட்பான்.

நிவாரணம், கல்வி, பண்பாட்டுப் பாதுகாப்பு என மூன்றாகப் பிரித்துப் பேசுவது நிர்வாகத்துக்கு எளிது. மக்கள் வாழ்விலோ அவை ஒன்றே. சி. வி.யின் தொகுப்பு நமக்கு உணர்த்துவது இதுதான். அந்நூலைப் போற்ற விரும்பும் ஆசிரியரும் மாணவரும், பாடியவர்களின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான நிலம் வேண்டும் என்ற கோரிக்கையையும் தமதாக்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.