குறும்பியை உறிஞ்சுமா மெழுகுத்திரி?

விளம்பரங்கள் இப்போது அறிவியலின் மொழியில் பேசக் கற்றுக்கொண்டுவிட்டன. ‘வெற்றிடம்’, ‘உறிஞ்சு விசை’, ‘புகைபோக்கி விளைவு’ என்ற சொற்கள் காதில் விழுந்ததும் நம்மில் பலர் மறுபேச்சின்றித் தலையாட்டி விடுகிறோம். ஆனால் இவையெல்லாம் இயற்பியல் பாடத்துக்கு உரிய சொற்கள். அந்தப் பாடத்தைப் படித்த எவருக்கும் அவற்றைச் சோதித்துப் பார்க்கும் உரிமை உண்டு. இக்கட்டுரையில் நாம் சோதிக்கப் போவது ‘காது மெழுகுத்திரி’ என்ற பொருளை.

துணியைத் தேன்மெழுகிலோ பாரஃபின் மெழுகிலோ தோய்த்துச் சுருட்டிய உள்ளீடற்ற குழல் இது. நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. மேலைநாடுகளில் பரவி, இன்று இணையக் கடைகள் வழியாக நம் ஊர்களுக்கும் வருகிறது. ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் காதில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையில் தீ வைக்கிறார்கள். எரிந்து முடிந்ததும் அடித்துண்டைப் பிரித்துக் காட்டுகிறார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பொருள் ஒட்டியிருக்கிறது. “பாருங்கள், உங்கள் காதிலிருந்து வந்த அழுக்கு!” என்கிறார்கள். சுடர் காற்றைச் சூடாக்குகிறதாம். சூடான காற்று மேலெழும்போது கீழே வெற்றிடம் உண்டாகிறதாம். அது குறும்பியை உறிஞ்சுகிறதாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

கூற்றுக்கு எவ்வளவு சலுகை காட்ட முடியுமோ அவ்வளவும் காட்டுவோம். குழலுக்குள் இருக்கும் காற்று முழுவதும் 300 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். சூடான காற்றின் அடர்த்தி அதில் பாதியளவு. இந்த வேறுபாட்டை (0.6) ஈர்ப்பு முடுக்கத்தாலும் (9.8) குழலின் உயரத்தாலும் (0.25 மீட்டர்) பெருக்கினால், அடிமுனையில் ஏற்படக்கூடிய அழுத்தக் குறைவு கிடைக்கும். விடை, சுமார் ஒன்றரை பாஸ்கல்!

ஒன்றரை பாஸ்கல் எவ்வளவு? ஓர் இளநீரில் குழலைப் போட்டு 10 செ.மீ. உயரத்துக்கு நீரை உறிஞ்சுவதற்கே ஏறக்குறைய 1000 பாஸ்கல் அழுத்தக் குறைவு வேண்டும். ஒரு குழந்தையின் வாய் அதை எளிதில் செய்கிறது. மெழுகுத்திரியின் ‘வெற்றிடம்’ அதில் அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. அது தண்ணீரை 0.15 மி.மீ. உயரத்துக்கு மட்டுமே ஏற்ற வல்லது. தோலில் பிசின்போல் ஒட்டியிருக்கும் குறும்பியை அது எங்ஙனம் பெயர்க்கும்?

நாம் காட்டிய சலுகையும் மிக அதிகம். சுடர் எரிவது மேல்முனையில். கீழ்முனைக் காற்று உண்மையிலேயே 300 டிகிரியில் இருந்தால் காது வெந்துபோகும். மேலும், புகைபோக்கி வேலை செய்ய அடியில் காற்று நுழைய வழி வேண்டும். அடுப்பின் வாயை அடைத்துவிட்டால் புகைபோக்கி இழுக்குமா? காதுக்குழலின் உள்முனை செவிப்பறையால் மூடப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மேலெழுந்து செல்லக் காற்றோட்டமே கிடையாது.

கணக்கோடு நில்லாமல் சோதனையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், காதுக்குழலின் மாதிரி ஒன்றில் அழுத்தம் அளக்கப்பட்டது. எவ்வித அழுத்தக் குறைவும் ஏற்படவில்லை. எட்டுக் காதுகளில் திரியை எரித்துப் பார்த்தார்கள்; குறும்பி குறையவில்லை. சில காதுகளில் திரியின் மெழுகு புதிதாகப் போய்ச் சேர்ந்திருந்தது! அதே ஆய்வில் 122 காது மருத்துவர்களைக் கேட்டபோது, இத்திரியால் நேர்ந்த 21 காயங்கள் தெரியவந்தன. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை விற்போருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது.

அப்படியானால் அந்தப் பழுப்புப் பொருள்? அது எரிந்த துணியும் உருகி உறைந்த மெழுகும் கலந்த எச்சம். காதே இல்லாமல் எரித்தாலும் அது கிடைக்கும். அறிவியலில் இதைக் கட்டுப்பாட்டுச் சோதனை என்கிறோம். விற்பவர் காட்டாமல் விடுவது இந்தச் சோதனையைத்தான். ஹோப்பி என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் மரபு என்றும் இதற்கு ஒரு புகழ் சேர்த்தார்கள். அப்படி ஒரு வழக்கம் தங்களிடம் இல்லை என்று அம்மக்கள் தரப்பே மறுத்துவிட்டது.

குறும்பி அழுக்கா?

இவ்வாணிபம் நிலைத்திருப்பதற்குக் காரணம் ஒரு தவறான எண்ணம்: குறும்பி என்பது அழுக்கு, அதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது.

புறக்காதின் குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமும் 7 மி.மீ. விட்டமும் உடையது, சற்றே வளைந்தது. அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. சுரப்பு நீரும் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்ததே குறும்பி. அது தூசியைப் பிடித்து வைக்கிறது. நீர் தோலில் ஊறாமல் காக்கிறது. தன் இலேசான அமிலத் தன்மையால் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைக் குறைக்கிறது.

இதைவிட வியப்பானது அது வெளியேறும் முறை. காதுக்குழலின் தோல், செவிப்பறையின் நடுவிலிருந்து வெளிவாயிலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேகம் நாளொன்றுக்குச் சுமார் 0.1 மி.மீ.; நகம் வளரும் வேகம் எனலாம். ஆலைகளில் சரக்கைச் சுமந்து செல்லும் பட்டையைப் போல, இத்தோல் குறும்பியை வெளியே கொண்டுவந்து சேர்க்கிறது. மெல்லும்போது தாடை அசைவதும் இதற்குத் துணை செய்கிறது.

இப்போது பஞ்சுக் குச்சியை எண்ணிப் பாருங்கள். நாம் ‘பட்ஸ்’ என்று வாங்கும் அது, குழலின் விட்டத்தைப் பெருமளவு அடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. பஞ்சில் சிறிது ஒட்டி வருகிறது. எஞ்சியது உந்துதண்டால் தள்ளப்படுவது போல் உள்ளே போய் இறுகுகிறது. சுரப்பியே இல்லாத உட்பகுதியில் குறும்பி அடைத்திருந்தால், பெரும்பாலும் யாரோ அதை அங்கே தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள்.

கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி, சாவி ஆகியவற்றின் கதை இன்னும் மோசம். ஒரு நியூட்டன் விசை என்பது 100 கிராம் எடையளவே. ஆனால் அது ஒரு சதுர மில்லிமீட்டர் முனையில் குவிந்தால் அழுத்தம் பத்து இலட்சம் பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்கு. அதைத் தாங்க வேண்டிய செவிப்பறையின் தடிமன் 0.1 மி.மீ.; நாம் எழுதும் தாளின் தடிமன்தான். பக்கத்தில் ஒருவர் கையைத் தட்டிவிட்டால் போதும். பஞ்சுக் குச்சியும் இதற்கு விலக்கன்று. 1990 முதல் 2010 வரை அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு, பஞ்சுக் குச்சியால் காதில் காயம்பட்டு வந்த சிறுவர் சிறுமியர் சுமார் 2,63,000 பேர் என 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 34 பேர்! கைப்பேசியில் படம் காட்டும் காமிராக் குச்சி இன்று வந்திருக்கிறது. படம் தெரிவதால் முனையின் கூர்மை குறைந்துவிடாது.

செய்யத்தக்கது யாது?

தொல்லை இல்லாத குறும்பியை அப்படியே விட்டுவிடலாம். குளித்தபின் காதின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தால் போதும். “முழங்கையைவிடச் சிறியது எதையும் காதுக்குள் விடாதே” என்று மருத்துவர்கள் வேடிக்கையாகச் சொல்வதில் பொருள் உண்டு.

சிலருக்கு, குறிப்பாக முதியோருக்கும் செவித்துணைக் கருவி அணிவோருக்கும், குறும்பி தேங்கி அடைப்பது உண்மையே. காது அடைத்தாற்போலிருத்தல், கேட்கும் திறன் மந்தமாதல், இரைச்சல் ஆகியவை அறிகுறிகள். அப்போது மென்மையாக்கும் சொட்டு மருந்தைச் சில நாள் இடலாம். தண்ணீரையோ உப்புநீரையோவிட இன்ன சொட்டுத்தான் சிறந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகவே விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை. காதில் சீழ், வலி, செவிப்பறையில் துளை, முன்பு செய்த அறுவை ஆகியவை இருந்தால் எண்ணெயோ சொட்டோ எதுவும் ஊற்றக் கூடாது. மருத்துவரிடமே செல்ல வேண்டும். காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் வழக்கத்தை எவரும் கைவிடுவது நல்லது.

மருத்துவர் நீரைப் பீய்ச்சிக் கழுவும்போது அதை உடல் வெப்பநிலைக்கு, அதாவது 37 டிகிரிக்கு, கொண்டுவருவார். காரணம் சுவையானது. நீர் குளிர்ந்திருந்தால், உட்காதின் அரைவட்டக் குழலிலுள்ள திரவத்தில் வெப்பச் சலனம் தோன்றும். தலை சுழல்வதாக மூளை ஏமாந்துபோகும். வியன்னாவில் காது கழுவும்போது நோயாளிகளுக்கு வந்த இத்தலைச்சுற்றலைக் கவனித்து ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பாரனியும் மெழுகுத்திரி விற்பவரும் வெப்பச் சலனம் என்ற ஒரே தத்துவத்தைத்தான் பேசினார்கள். பாரனி குளிர்ந்த நீரையும் வெந்நீரையும் மாற்றி மாற்றி விட்டு, கண்கள் எதிரெதிர்த் திசையில் அசைவதைக் கண்டு தம் விளக்கத்தைச் சோதித்தார். திரி விற்பவர் எதையும் அளக்கவில்லை. ஆகவே வாசகர்களே, அடுத்த முறை ஒரு விளம்பரம் அறிவியல் சொற்களோடு வந்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: அந்த விசை எவ்வளவு? அப்பொருளை விட்டுவிட்டுச் செய்து பார்த்தபோது என்ன கிடைத்தது? விடை வரும்வரை உங்கள் பணம் பையிலேயே இருக்கட்டும். குறும்பியும் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.